ஆர்கான் டார்ச்சை எடுக்கும் முன்: துகள் கலந்த அலுமினியம்

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஆர்கான் வெல்டிங் பட்டறைகளுக்கு உடைந்த அலுமினிய ஜாப் வருவது சாதாரணம். இணைப்பில் உருக்கி நிரப்பும் ராடில், கையில் 5356 வகை இருந்தால் அது, இல்லாவிட்டால் 4043. சாதா அலுமினியத்துக்கு இது பெரும்பாலும் ஓடிவிடும். சிலிக்கான் கார்பைடு துகள் கலந்த அலுமினியத்தில் ஓடாது. வெல்டிங் ஆய்வில் இருப்பவன் என்ற முறையில் நான் சொல்ல வருவது இதைத்தான்.

சிலிக்கான் கார்பைடு நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. கிரானைட் மெருகேற்றும் கற்களில் இருப்பதும் அதுதான். அலுமினியத்தில் கலந்தால் தேய்மானம் குறையும், சூட்டில் விரிவதும் குறையும். 1996இல் வந்த லோட்டஸ் எலிஸ் காரின் பிரேக் டிஸ்க் இந்த வகைதான்.

பார்வைக்கும் எடைக்கும் சாதா அலுமினியத்திலிருந்து பெரிய வித்தியாசம் தெரியாது. அரத்தை வைத்து இழுத்துப் பாருங்கள், டிரில் போட்டுப் பாருங்கள். ஹைஸ்பீடு பிட் சட்டென்று மழுங்கினால் சந்தேகப்பட வேண்டும்.

சரி, சிக்கல் எங்கே? அலுமினியம் 660 டிகிரியில் உருகும். ஆர்க்கின் கீழே உருகி நிற்கும் உலோகம், அதாவது பூல், அதைவிட வெகுவாகச் சூடேறும். துகள் உருகாது, ஆனால் உருகிய அலுமினியம் அதைத் தாக்கும். கார்பனைப் பிடுங்கி அலுமினியம் கார்பைடாக மாறும். இது ஊசி ஊசியாக வளரும், எளிதில் நொறுங்கும். அதைவிட மோசம், ஈரம் பட்டால் அலுமினியம் ஹைட்ராக்சைடும் மீத்தேனுமாகச் சிதையும். அதனால்தான் வெல்டு போட்ட அன்று, சாயம் பூசி விரிசல் தேடும் டை பெனட்ரன்ட் சோதனையில் சுத்தமாகத் தெரிந்த ஜாயின்ட், மழைக்காலத்தில் விட்டுப் போகலாம். ஆய்வு செய்தவர் மேலும் வெல்டர் மேலும் பழி வரும். உண்மையில் தப்பு, ராடைத் தேர்ந்தெடுத்தபோதே நடந்துவிட்டது.

பூலில் சிலிக்கான் போதுமான அளவு இருந்தால் இந்த வினை அடங்கும். அதனால் 12 சதவீதம் சிலிக்கான் உள்ள 4047 ராடு நல்லது. 4043இல் 5 சதவீதம்தான். அடிப்படை உலோகம் 6061 என்ற அலுமினியக் கலவை மாதிரி சிலிக்கான் குறைந்ததாக இருந்தால், இணைப்பில் வெட்டும் வீ வடிவப் பள்ளத்தை அகலமாகவே வெட்டுங்கள், ராடு அதிகம் சேரட்டும், தாய் உலோகம் குறைவாக உருகட்டும். ஆம்பியரைக் குறைத்து, ஆர்க்கைக் கூடுமானவரை ராடு பக்கம் வையுங்கள். துகள் இருப்பதால் பூல் கூழாக, மந்தமாக நகரும். அதைப் பார்த்துப் பதறி ஆம்பியரைக் கூட்டுவதுதான் பலரும் செய்வது. கார்பைடை நாமே ஊட்டி வளர்ப்பது மாதிரி.

துகள் அலுமினாவாக, அதாவது அலுமினியம் ஆக்சைடாக, இருந்தால் கதை வேறு. அங்கே அலுமினியம் கார்பைடு வராது. மெக்னீசியம் உள்ள 5356 அங்கே பொருந்தும், துகளோடு உலோகம் ஒட்ட மெக்னீசியம் உதவும். ஆக, எந்தத் துகள் என்று தெரியாமல் ராடு எடுப்பதில் அர்த்தமில்லை. மெட்டீரியல் சர்டிபிகேட் கேளுங்கள். கஸ்டமர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

சுழலும் டூலால் உரசி, உருக்காமலே இணைக்கும் ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங் இருக்கிறது, 1991இல் இங்கிலாந்தின் டிடபிள்யூஐ என்ற வெல்டிங் ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்தது. உருகாததால் கார்பைடு பயம் வெகுவாகக் குறையும். டூல் மட்டும் துகளில் உரசி வேகமாகத் தேயும். சின்னப் பட்டறைக்கு இது கட்டுப்படியாகாது. என்னைக் கேட்டால், சுமை தாங்கும் பாகத்துக்கு வெல்டிங்கைவிட போல்ட் போட இடமிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். பிரேக் டிஸ்க் வந்தால் வெல்டு போடவே வேண்டாம், புதிதாக மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.