ரிட்ஜ்வுட் நீர்த்தேக்கம்: அடியில் இருக்கும் களிமண்ணைத் தொடாதீர்கள்

நியூயார்க்கில் புரூக்ளினும் குயின்ஸும் சேரும் எல்லையில், ஹைலேண்ட் பூங்காவின் குன்றுமேல் இருக்கிறது ரிட்ஜ்வுட் நீர்த்தேக்கம். புரூக்ளின் தனி நகரமாக இருந்த காலத்தில், 1850களின் இறுதியில், அதன் குடிநீருக்காகக் கட்டியது. மூன்று தொட்டிகள், ஏறத்தாழ 50 ஏக்கர். 1959-இல் அன்றாடப் பயன்பாடு நின்றது. 2004-இல் நகரப் பூங்காத் துறையிடம் வந்தபோது, ஓரத்துத் தொட்டிகள் இரண்டிலும் தானாக முளைத்த காடு நின்றது, நடுத்தொட்டியில் ஏரி. இதன் ஒரு பகுதியை விளையாட்டுத் திடலாக்கப் பார்த்தார்கள். மக்கள் எதிர்த்துத் தடுத்தார்கள். 2018-இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிலும் சேர்ந்தது.

பதிவேட்டில் சேர்ந்தால் மட்டும் தண்ணீர் நிற்காது. குன்றின் மேலுள்ள இந்த ஏரிக்கு மழைதான் வரத்து. அக்காலத் தேக்கங்களின் அடியில் தண்ணீர் கசியாமலிருக்கக் களிமண்ணைப் பிசைந்து இறுக்கியிருப்பார்கள். நடைமேடைக்குத் தூண் இறக்குகிறேன், மண் பரிசோதனைக்குத் துளையிடுகிறேன் என்று அதைக் குத்திவிட்டால் ஏரி மெல்ல வடிந்துவிடும். பாதை, விளக்கு, பார்வை மேடை எல்லாம் கரைமேலேயே இருக்கட்டும். துளை தவிர்க்க முடியாதென்றால் அன்றே பென்டோனைட் களிமண்ணால் அடைக்க வேண்டும்.

அடுத்த ஆபத்து ஃபிராக்மைட்டிஸ் என்னும் அயல்நாட்டு நாணல். அதன் சருகு ஆண்டுதோறும் படிந்து ஆழமற்ற நீரை மேடாக்கிவிடும். தரைமேல் வெட்டினால் கிழங்கிலிருந்து இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். பலர் தோற்பது இங்கேதான். தண்டை நீர்மட்டத்துக்குக் கீழே அறுக்க வேண்டும். அப்போதுதான் கிழங்குக்குக் காற்று போகாது. களைக்கொல்லி தேவைப்பட்டால், நீர்நிலைக்கு அனுமதி பெற்றதை மட்டும், சத்து கிழங்குக்கு இறங்கும் கோடை இறுதியில், உரிமம் பெற்றவரே தெளிக்கட்டும். குஞ்சு பொரிக்கும் பருவத்தில் உள்ளே இறங்கவே கூடாது. ஓரத்துச் சிறு திட்டுகளை முதலில் முடித்துவிட்டுப் பெரிய அடர்த்திக்குப் போங்கள். ஒரு துண்டுக் கிழங்கே மீண்டும் முளைக்கும். காலணியையும் கருவியையும் அங்கேயே கழுவுங்கள். ஒரே ஆண்டில் முடியாது, அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் நிதி ஒதுக்குங்கள்.

கரைச்சரிவின் கல்வரிசையில் முளைக்கும் மரங்களைக் கன்றிலேயே வெட்டுங்கள். வளர்ந்துவிட்டதைப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும்; வேர் அழுகிய பொந்து வழியே மழைநீர் மண்ணை அரிக்கும். அவற்றைப் பொறியாளர் பார்த்த பிறகே தொட வேண்டும்.

நடுத்தொட்டியில் ஓர் அளவுகோல் வைத்து மாதந்தோறும் நீர்மட்டத்தைக் குறியுங்கள். அந்தக் கோலையும் களிமண்ணில் அறையக் கூடாது, கரைச்சுவரில் பொருத்த வேண்டும். மழை பெய்தும் மட்டம் இறங்கினால், கசிவைத் தேட வேண்டிய நேரம் அது.