அம்பதுலதான் வந்தேன் டாக்டர்

நாகர்கோவில்ல எலும்பு டாக்டரா வேலை பாக்க ஆரம்பிச்சு பல வருஷம் ஆச்சு. பைக்குல விழுந்து கால் ஒடிஞ்சு ஒரு பையன் கேஷுவாலிட்டிக்கு வந்தா நான் முதல்ல கேக்கிற கேள்விகள்ல ஒண்ணு "எவ்வளவு ஸ்பீடுல வந்த மக்கா?"ங்கறது. போலீஸ் கேஸுக்காக கேக்கல, வேகம் தெரிஞ்சாத்தான் ஒடிஞ்ச காலை விட்டு வயிறு, நெஞ்சு, இடுப்புன்னு வேற எங்க எல்லாம் தேடிப் பாக்கணும்னு எனக்கு ஒரு கணக்கு கிடைக்கும். பதில் பெரும்பாலும் ஒண்ணுதான். "மெதுவாத்தான் டாக்டர், அம்பதுலதான் வந்தேன்."

பொய் சொல்றாங்கன்னு நான் நினைக்கல. இப்ப உள்ள பைக்குல அம்பதுங்கறது அவங்களுக்கு நெசமாவே மெதுவாத்தான் தெரியுது. ஆனா எலும்புக்கு அப்படி இல்ல, அதனாலதான் ஊருக்குள்ள வேகத்தை 30 ஆக்கணும்னு கேக்கிறேன்.

நம்ம மாவட்டத்துல எலும்பு வார்டுக்குள்ள போனா பைக்குல விழுந்தவங்களும் மரத்துல இருந்து விழுந்தவங்களும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல கிடப்பாங்க, தேங்கா வெட்டப் போனவரு, பனையேறினவரு, சக்கை, அதாவது பலாப்பழம் பறிக்க ஏறினவருன்னு. 10 மீட்டர் உயரத்துல இருந்து, அதாவது கிட்டத்தட்ட மூணு மாடி உயரத்துல இருந்து ஒருத்தர் விழுந்தா தரையில மோதும்போது அவரு வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். அதே 50ல பைக்குல வந்து கரண்டு போஸ்ட்லயோ பாலத்துச் சுவர்லயோ நேரா மோதினா உடம்பு வாங்குறதும் அதே அடிதான். பனையில இருந்து ஒருத்தர் விழுந்தா ஊரே பதறி ஓடி வருது, அவ்வளவு அடியை ரோட்டுல வாங்கினவனைப் பத்தி மட்டும் 'மெதுவாத்தான் வந்தான்'னு சொல்லுறோம். 30ல வந்தா அந்த உயரம் மூணரை மீட்டர், ஓட்டு வீட்டுக் கூரையில இருந்து விழுற மாதிரி, அதுலயும் எலும்பு ஒடியும்தான், ஆனா பெரும்பாலும் உயிரோட வீட்டுக்கு அனுப்பிருவேன். 60ன்னா 14 மீட்டர். வேகம் ரெண்டு மடங்கானா அடி நாலு மடங்காகும், ஸ்கூல்ல படிச்ச அதே கணக்குதான்.

ஓட்டுறவனாவது வண்டி மேல இருக்கான். நடந்து போறவங்களுக்கு அதுவும் கிடையாது.

ஒரு ஆச்சியைப் பத்தி சொல்லணும், அடையாளம் தெரியாத மாதிரி கொஞ்சம் மாத்தியிருக்கேன். காலையில சாரல் மழை, வீட்டு வாசல்ல இருந்து எதுத்தாப்புல கடையில பால் வாங்க ரோட்டைக் கடந்தாங்க. இடிச்சது பக்கத்துத் தெருப் பையன், அவனுக்கு தோள்பட்டை எலும்பு மட்டும் ஒடிஞ்சுது, ஆச்சிக்கு இடுப்பும் முழங்காலுக்குக் கீழ ரெண்டு காலும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எங்ககிட்டதான் கிடந்தாங்க. பையனோட அம்மா ஆச்சி கட்டில் பக்கத்துல நின்னு அழுதுட்டு, "பைய போ மக்களே, பைய போன்னு சொல்லாத நாளு கிடையாது டாக்டர்"ன்னு சொன்னாங்க. 'பைய'ன்னா மெதுவான்னு அர்த்தம், குமரி மாவட்டத்துல இதைச் சொல்லாத அம்மா யாரு இருக்கா. அம்மா சொன்னது மட்டும் போதாது, அதையே ரோடும் சட்டமும் சேர்ந்து சொல்லணும், அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

ஒருத்தர் குறுக்க வர்றதைக் கண்ணு பாத்து, மூளை புரிஞ்சு, கை பிரேக்கைப் பிடிக்க குறைஞ்சது ஒரு செகண்ட் ஆகும். 50ல வர்ற வண்டி அந்த ஒரு செகண்ட்லயே 14 மீட்டர் போயிருக்கும். 30ல வர்ற வண்டி அதே செகண்டையும் சேர்த்து, பிரேக் பிடிச்சு, காஞ்ச ரோட்டுல 13 மீட்டர் சுமார்ல முழுசா நின்னுரும். அதாவது 30ல வந்தவன் நின்ன இடத்துல 50ல வந்தவன் இன்னும் பிரேக்கையே தொடல, முழு அம்பதுலதான் அந்த ஆச்சியை இடிக்கிறான். நம்ம ஊர்ல வருஷத்துல ரெண்டு பருவமழையும் வேற, நனைஞ்ச ரோட்டுல அந்தத் தூரம் இன்னும் கூடும்.

சட்டத்தைப் பாத்தா, 2018 ஏப்ரல்ல மத்திய அரசு போட்ட அறிவிப்புல நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள்ள காருக்கு 70, பைக்குக்கு 60, ஆட்டோவுக்கு 50 வரைக்கும் போலாம்னு சொல்லியிருந்தாங்க. நாகர்கோவில்ல வேப்பமூடு ஜங்ஷனையும் கோட்டார் பஜாரையும் மனசுல வச்சுக்கிட்டு அந்த 70ஐ ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. ஆனா இது உச்சவரம்புதான், இதைவிடக் குறைக்க 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 112வது பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் குடுத்திருக்கு. சென்னையில 2023 நவம்பர்ல குறைச்சாங்க, பைக்குக்கு 50, குடியிருப்புத் தெருவுல 30ன்னு.

நான் கேக்கிறது ஊருக்குள்ள எல்லாம் 30, போர்டு இல்லாத இடத்துலயும் அதுதான் அளவு, இதைவிடக் கூடப் போலாம்னா அந்த ரோட்டுக்கு மட்டும் தனியா போர்டு வைக்கட்டும். இப்ப நடைமுறை இதுக்கு நேர் எதிரா இருக்கு, மெதுவா போகணும்னாத்தான் போர்டு வைக்கிறாங்க, அதையும் ஒரு பிளெக்ஸ் மறைச்சிருக்கும். நம்ம மாவட்டத்துக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா களியக்காவிளையில இருந்து குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை, வில்லுக்குறி, பார்வதிபுரம்னு வந்தா எங்க ஒரு ஊரு முடிஞ்சு அடுத்த ஊரு தொடங்குதுன்னு சொல்லவே முடியாது. திருவிதாங்கூர் காலத்து ரோடு, வளைவும் ஏத்த இறக்கமும், வீட்டு கேட்டைத் திறந்தா நேரா ரோடு, அதுல டாரஸ் லாரியும் ஸ்கூல் வேனும் விடியக்காலையில ரப்பர் பால் வெட்டப் போறவங்களும் ஒண்ணாத்தான் போகணும்.

ஸ்பெயின்ல 2021 மே மாசத்துல இருந்து, ஊருக்குள்ள ஒவ்வொரு பக்கமும் ஒரே லேன் உள்ள ரோடு எல்லாம் 30தான். பின்லாந்துல ஹெல்சிங்கியில பாதிக்கு மேல தெருவுல 30 வச்சிருக்காங்க, 2024 ஜூலையில இருந்து ஒரு வருஷம் அந்த நகரத்துல ரோடு விபத்துல ஒருத்தர் கூட சாகல. அவங்க ரோடு வேற, நம்ம ரோடு வேறதான், ஆனா மனுஷ எலும்பு ஒண்ணுதான். நம்ம நாட்டுல 2022ல மட்டும் 1,68,491 பேர் ரோட்டுல செத்திருக்காங்க, அதுல நூத்துக்கு 71 பேர் சாவுக்கு அதிவேகம் காரணம்னு மத்திய அரசு அறிக்கையே சொல்லுது, அந்த வருஷம் அதிக விபத்து நடந்த மாநிலம் நம்ம தமிழ்நாடு.

"30ல போனா எப்ப டாக்டர் வேலைக்குப் போறது?"ன்னு கேக்கிறாங்க, நியாயமான கேள்விதான். 5 கிலோமீட்டரை எங்கயும் நிக்காம 50ல போனா 6 நிமிஷம், 30ல போனா 10 நிமிஷம். ஆனா வடசேரிக்கும் செட்டிகுளத்துக்கும் நடுவுல யாரு நிக்காம போறா? முறுக்கிட்டுப் போயி அடுத்த சிக்னல்ல நிக்கிறதுதான் நடக்குது, மிச்சமாகுற நேரம் ஒண்ணோ ரெண்டோ நிமிஷம். ஒடிஞ்ச தொடை எலும்பு ஒண்ணு சேர நாலுல இருந்து ஆறு மாசம் ஆகும். கல்ஃபுக்கு விசா வந்து டிக்கெட் போடுற நேரத்துல மணிக்கட்டு ஒடிஞ்சு போகமுடியாம நின்ன பையங்களை எனக்குத் தெரியும். 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர்ல வந்தது பெரிய உதவி, விபத்துல அடிபட்டவங்களோட முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு அளவு வரைக்கும் அரசாங்கம் பாத்துக்குது, அதுக்குப் பிறகு உள்ள ஆறு மாசத்தை வீட்டுக்காரங்கதான் பாக்கணும்.

ஒரு விஷயத்தையும் சேர்த்தே சொல்லிருதேன். வேகத்தைக் குறைக்கிறோம்னு சொல்லி ராத்திரியோட ராத்திரியா வயல் வரப்பு மாதிரி குத்துன்னு ஒரு ஸ்பீடு பிரேக்கரைக் கட்டி பெயின்டும் அடிக்காம விட்டுறாதீங்க. பின்னாடி ஒரு பக்கமா உக்காந்து வர்ற அம்மாமாரு அதுல தூக்கி எறியப்பட்டு முதுகெலும்பு நசுங்கி எங்ககிட்ட வர்றாங்க. அகலமா, சரிவா, தூரத்துலயே தெரியுற மாதிரி கட்டணும், ஸ்கூல் வாசல்ல நடக்கிற இடத்தையே கொஞ்சம் உயர்த்திக் கட்டினா இன்னும் நல்லது.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள் நடக்கும். "எங்க ஊர்ல வேகத்தைக் குறைங்க"ன்னு பொதுவா எழுதிக் குடுக்காதீங்க, எந்த ஜங்ஷன்ல இருந்து எந்த ஜங்ஷன் வரைக்கும், எந்த ஸ்கூல் வாசல், எந்த நேரத்துல கூட்டம்னு எழுதி, 112வது பிரிவுல 30 வேணும்னு கேளுங்க, ரசீது வாங்கிக்கோங்க. அந்த இடத்துல அடிபட்டு எங்ககிட்ட வந்தவங்க எத்தனை பேரு, எந்த எலும்பு ஒடிஞ்சுது, எத்தனை நாள் படுத்திருந்தாங்கன்னு பேரு ஊரு இல்லாம கணக்கு எடுத்து அந்த மனுவோட வைக்க நான் ரெடி.