மரம் கட்டும் நான்கு சுவர்கள்

வீட்டை ஒட்டி நிற்கும் 40 அடி வேம்பைப் பாதியாக வெட்டிவிட்டால் புயலுக்குப் பயமில்லாமல் இருக்கலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். உயரத்தைக் குறைக்க முடியும். ஆனால் நடுமரத்தை மொட்டையடிப்பது அதற்கு வழியல்ல.

நம் தோலில் காயம்பட்டால் அதே இடத்தில் புதிய செல்கள் வந்து ஆறிவிடும். மரத்தில் சேதமான கட்டை அப்படியேதான் இருக்கும். அங்கே நுழையும் அழுகல் பரவாதபடி அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு மரம் மேற்கொண்டு வளர்கிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, ஏராளமான மரங்களை ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து பார்த்து இதை விளக்கினார். 1977இல் வெளிவந்த அந்த விளக்கத்தில் நான்கு சுவர்கள் உண்டு.

காயத்துக்கு மேலும் கீழும் உள்ள நீர்க்குழாய்களை அடைப்பது முதல் சுவர். குழாய்கள் நெடுக ஓடுவதால் அடைப்பது கடினம். நான்கில் இதுவே பலவீனமானது. அழுகல் மையத்தை நோக்கிப் போகாமல் ஆண்டு வளையங்களின் அடர்ந்த செல்கள் தடுக்கும், அது இரண்டாவது. பக்கவாட்டில் பரவாமல், மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்ச்செல்கள் தடுப்பது மூன்றாவது. நான்காவதுதான் அற்புதம். காயம்பட்ட பிறகு கேம்பியம், அதாவது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே புதுச் செல்களை உண்டாக்கும் மெல்லிய அடுக்கு, புதிதாக ஒரு சுவர் கட்டுகிறது. அன்றுவரை இருந்த கட்டை ஒரு பக்கம், இனி வளரப்போகும் கட்டை மறுபக்கம். உள்ளே வெறும் பொந்தாகிப்போன புளியமரம் வெளியே பச்சைப்பசேலென்று காய்த்து நிற்பது இந்தச் சுவரால்தான். நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. இனி விழும் மரங்களையாவது விறகுக்கு ஏற்றும் முன் ஷைகோவைப் போலப் பிளந்து பார்க்க அரசு பணம் ஒதுக்க வேண்டும். வேம்பு எப்படிச் சுவர் கட்டுகிறது, தூங்குமூஞ்சி எப்படிக் கட்டுகிறது என்று நம் ஊர் மரங்களைக் கொண்டே கற்கலாம்.

மொட்டையடித்த மரத்தில் நெடுங்குழாய்கள் எல்லாம் வானம் பார்த்துத் திறந்துகிடக்கும். கீழே இறங்கும் அழுகலை எதிர்க்க அந்தப் பலவீனமான முதல் சுவர்தான் மிச்சம். உறங்கிக் கிடந்த மொட்டுகள் விழித்துக் கொத்தாகப் போத்துகள் கிளம்பும். இயல்பான கிளையைத் தண்டின் கட்டை வருடாவருடம் சுற்றிப் பிடித்திருக்கும். இந்தப் போத்துகளோ மேலோட்டமாக ஒட்டியவை. வேகமாகப் பழைய உயரத்துக்கு வந்துவிடும், ஆனால் மக்கிய அடிமானத்தின் மேல்.

சரி, எப்படிக் குறைப்பது? உயர்ந்த கிளையை, அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது உள்ள பக்கக்கிளை பிரியும் இடம்வரை வெட்டுங்கள். நுனியின் வேலையை அந்தப் பக்கக்கிளை ஏற்றுக்கொள்ளும். ஒரே தடவையில் இலைகளில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. கிளையை முழுதாக எடுப்பதென்றால், அடியில் புடைத்திருக்கும் கழுத்தைத் தொடாமல் அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். கனமான கிளைக்கு முதலில் கீழிருந்து ஒரு அரை வெட்டு, நுனிப்பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளி மேலிருந்து ஒன்று, அப்புறம் மிஞ்சிய கட்டையை எடுப்பது. இல்லையென்றால் விழும் கிளை தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். கயிறும் தலைக்கவசமும் உள்ள, பழகிய ஆளை மட்டும் ஏற்றுங்கள். மின்கம்பி அருகில் இருந்தால் மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் யாரும் ஏறக் கூடாது.

வெட்டுவாயில் சாணமோ தாரோ பெயின்ட்டோ பூச வேண்டாம். அவை அழுகலைத் தடுப்பதில்லை, ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும். அப்படியே விட்டால், கழுத்திலிருந்து புதுத் திசு வளையமாகச் சுருண்டு, வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம்.