கடலிறகு: ‘கடற்பேனா’ ஏன் பொருந்தவில்லை?

கடலடிச் சேற்றில் யாரோ ஓர் இறகைச் செங்குத்தாக நட்டு வைத்ததுபோல் நிற்கும் உயிரினத்தைப் பலரும் ‘கடற்பேனா’ என்று எழுதுகிறார்கள். ‘சீ பென்’ என்பதை அப்படியே மாற்றியதால் வந்த பெயர் இது. அந்தப் பெயர் பிறந்த காலத்தில் பேனா என்றாலே பறவை இறகுதான். முனையைச் சீவி, மையில் தோய்த்து எழுதினார்கள். இலத்தீனில் ‘பென்னா’ என்றால் இறகு. ஆங்கிலப் ‘பென்’னும், போர்த்துக்கீசிய ‘பெனா’ வழியாக நம்மிடம் வந்த ‘பேனா’வும் அதிலிருந்து கிளைத்தவையே. உயிரியலாளர் லின்னேயஸ் 1758இல் இவற்றில் ஓர் இனத்துக்குப் பதிவுசெய்த ‘பென்னாட்டுலா பாஸ்போரியா’ என்ற அறிவியல் பெயரிலும் அதே வேர் இருக்கிறது. இன்றைக்குப் பேனா என்றதும் இறகு யாருக்கு நினைவுக்கு வருகிறது? ‘கடலிறகு’ என்றால் உருவம் உடனே கண்ணில் நிற்கிறது.

‘தூவி’யும் இனிய சொல்தான்; குறளில் ‘அன்னத்தின் தூவி’ உண்டு. ஆனால் அது மென்மைக்குச் சொல்லும் மெல்லிறகு. நடுத்தண்டு உள்ள இந்த உயிருக்கு ‘இறகு’ என்பதே சரி.

பார்வைக்குச் செடி, உண்மையில் பவளங்களின் உறவான விலங்குக் கூட்டம். முதலில் தோன்றும் ஒற்றைப் பாலிப் (கூட்டத்தின் ஒரு தனி உயிர்) நீண்டு, வாயைச் சுற்றியுள்ள உணர்நீட்சிகளை இழந்து, கூட்டத்துக்கே தண்டாகிவிடும். அதன் அடிப்பகுதி நீரால் உப்பி, சேற்றில் நங்கூரமாகப் பிடித்துக்கொள்ளும். மேற்பகுதியில் அரும்பும் பாலிப்கள் இரு வகை: சில இரை பிடிக்கும், சில கூட்டத்துக்குள் நீரேற்றும். பல இனங்களில் தண்டின் நடுவே சுண்ணாம்புக் குச்சி ஒன்று ஓடும். தொட்டால் சில இனங்களில் ஒளி அலையலையாகப் பரவும்.

மாதிரி சேகரிப்போர் அடிக்கடி ஏமாறுவது அளவில்தான். உயிரோடு சாராயத்தில் போட்டால் நீரை வெளியேற்றிச் சுருங்கிவிடும். அதன்பின் அளந்தால் அந்த அளவை நம்ப முடியாது. சுமார் 7.5 சதவீத மக்னீசியம் குளோரைடு கரைசலையும் கடல்நீரையும் சம அளவு கலந்து, அதில் தளரவிட்ட பிறகே பதப்படுத்த வேண்டும்.

கடலிறகை ‘இறகு நட்சத்திர’த்தோடு குழப்பக் கூடாது, அது முட்தோலி, நட்சத்திர மீனின் உறவு.

இதே குழுவைச் சேர்ந்த, ஆனால் சிறுநீரக வடிவில் தட்டையாகக் கிடக்கும் ‘ரெனில்லா’வுக்குக் ‘கடலிறகு’ என்ற பெயர் பொருந்துமா என்று கேட்கலாம். அதன் விரிந்த பாலிப் ஒன்றை உருப்பெருக்கியில் பாருங்கள்: எட்டே எட்டு உணர்நீட்சிகள். ஒவ்வொன்றின் இருபுறமும் நுண்கிளைகள் வரிசையாக, குட்டி இறகாகவே இருக்கும்.