முந்த முடியாத பந்தயம்

1960-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நாஸ்கார் கார்பந்தயத் தொடரின் முக்கியப் பந்தயமான டேடோனா 500-க்குப் பயிற்சி எடுத்தபோதே ஓட்டுநர் ஜூனியர் ஜான்சனுக்குத் தெரிந்துவிட்டது, தன் செவ்ரலே காரை வைத்துக்கொண்டு வெல்ல வழியில்லை என்று. நேர்ப்பாதையில் போன்டியாக் கார்கள் அவரை அலட்சியமாகக் கடந்துபோயின. ஜான்சன் வட கரோலினா மலைச்சாலைகளில் கள்ளச்சாராயம் ஏற்றிக்கொண்டு போலீசின் கண்ணில் மண்ணைத் தூவிப் பழகியவர். சும்மா விட்டுவிடும் ஆள் இல்லை. கடந்துபோன ஒரு போன்டியாக்கின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டார். அதே எஞ்சின், அதே கார், ஆனால் இப்போது பின்தங்கவில்லை. பந்தய நாளன்று வேகமான கார் ஒவ்வொன்றின் பின்னாலும் மாறி மாறி ஒட்டிக்கொண்டு கடைசியில் கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் கண்டுபிடித்தது காற்றின் கணக்கு. ஓடும் காரைக் காற்று பின்னுக்கு இழுக்கும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. அந்த விசையை வெல்ல எஞ்சின் தரவேண்டிய திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. அதாவது, வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டவேண்டுமானால் எஞ்சினின் திறனை மூன்றில் ஒரு பங்கு கூட்டவேண்டும். மணிக்கு 300 கிலோமீட்டரில் எஞ்சினின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. முன்னால் ஒரு கார் அந்த வேலையைச் செய்துகொடுத்தால், பின்னால் வருபவருக்கு மிச்சம் ஏராளம். இதில் முன்னால் போகிறவருக்கும் லாபம் உண்டு. தனியாக ஓடும் காரின் முதுகுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு வெற்றிடம் போன்ற பகுதி உருவாகி அதைப் பின்னுக்கு இழுக்கும். இன்னொரு காரின் மூக்கு அந்த இடத்தில் நுழைந்ததும் இழுப்பு தளர்ந்துவிடுகிறது. ஆகவே ஒட்டி ஓடும் இரண்டு கார்கள், தனித்தனியாக அவை ஓடுவதைவிட வேகமாக ஓடும்.

பில் பிரான்ஸ் 1948-ல் தொடங்கிய நாஸ்கார் அமைப்பு, கடையில் வாங்கிய காரைப் போலத் தோற்றமளிக்கும் கார்களை நீள்வட்டப் பாதையில் ஓடவிட்டு அமெரிக்கத் தென்மாநிலங்களின் பெரும் கேளிக்கையாக வளர்ந்தது. 1979-ல் டேடோனா 500 முழுவதுமாக முதன்முறை நேரலையில் ஒளிபரப்பானபோது நாட்டின் கிழக்குப் பகுதி பனிப்புயலில் முடங்கி வீட்டுக்குள் இருந்தது. கடைசிச் சுற்றில் முதலிரண்டு கார்களும் மோதிக்கொண்டன, ஓட்டுநர்கள் இறங்கிக் கைகலப்பில் ஈடுபட்டார்கள், மூன்றாவதாக வந்துகொண்டிருந்த ரிச்சர்ட் பெட்டி வென்றார். இதைவிட நல்ல விளம்பரத்தை யாரும் காசு கொடுத்து வாங்க முடியாது. 2006-ல் அதே பந்தயத்தைச் சராசரியாக 1.9 கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 2023-ல் பார்த்தவர்கள் சுமார் 80 லட்சம்.

சரிவுக்கு எல்லோரும் சொல்லும் காரணங்கள் பல. 2008-ன் பொருளாதார வீழ்ச்சி பல நூறு மைல் வண்டி ஓட்டிவந்து கூடாரமடித்துப் பார்க்கும் ரசிகர்களின் கையைக் கடித்தது. ஜெஃப் கோர்டன், டோனி ஸ்டூவர்ட், இளைய டேல் எர்ன்ஹார்ட் என்று நட்சத்திரங்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஓய்வு பெற்றார்கள். 2004-ல் ஒரு முறை, 2014-ல் இன்னொரு முறை என்று சாம்பியனைத் தீர்மானிக்கும் விதிகளை மாற்றி மாற்றி, பழைய ரசிகர்களுக்கே கணக்குப் புரியாமல் செய்தார்கள். வட வில்க்ஸ்பரோ, ராக்கிங்காம் போன்ற பழைய தென்னகத் தளங்கள் கைவிடப்பட்டன. எல்லாம் உண்மைதான். ஆனால் கார்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டே இருந்திருந்தால் இவற்றில் பாதியை ரசிகர்கள் மன்னித்திருப்பார்கள் என்பது என் எண்ணம். முந்துவது ஏன் அரிதானது என்பதற்கு விடை, ஜான்சனுக்கு உதவிய அதே காற்றில் இருக்கிறது.

டேடோனா பந்தயத் தளத்தின் வளைவுகள் 31 டிகிரி சாய்வானவை, ஏறத்தாழ 305 மீட்டர் ஆரம் கொண்டவை. இந்தச் சாய்வில் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் போனால் டயர் பக்கவாட்டில் பிடிக்கவே தேவையில்லை. சாய்வே காரைத் திருப்பிவிடும். 300 கிலோமீட்டரில் புவியீர்ப்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான விசை பக்கவாட்டில் வேண்டும். அதில் கணிசமான பங்கைச் சாய்வு தருகிறது. மீதியை நல்ல டயரின் பிடிமானம் சமாளித்துவிடுகிறது. ஆகவே அங்கே ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதில்லை. வேகத்துக்கு எல்லை காற்றின் இழுப்பு மட்டுமே. இழுப்பு மட்டுமே எல்லை என்றால் பின்னால் இருப்பவருக்கு அதிர்ஷ்டம்.

ஒன்றரை மைல் தளங்களில், அதாவது ஒரு சுற்று ஒன்றரை மைல் நீளமுள்ள தளங்களில், கதை தலைகீழ். 1990-களின் பிற்பகுதியிலிருந்து டெக்சாஸ், லாஸ் வேகஸ், கன்சாஸ் என்று இந்த அளவிலேயே புதிய தளங்களைக் கட்டித்தள்ளினார்கள். வளைவின் சாய்வு குறைவு, வேகமோ அதிகம். டயரின் பிடிமானம் மட்டும் போதாது; காரைத் தரையோடு அழுத்த காற்றின் உதவி வேண்டும். முன் பம்பருக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையும் பின்னால் நிற்கும் தடுப்புப் பலகையையும் மோதும் காற்று காரைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. இந்த அழுத்தமும் வேகத்தின் இருமடிக்கு ஏற்பத்தான் வளர்கிறது. முன்னால் ஒரு கார் போய்க்கொண்டிருந்தால் அது கலக்கிவிட்ட சுழல்காற்றுதான் பின்வரும் காரின் மூக்குக்குக் கிடைக்கிறது. ஓட்டுநர்கள் அதை அழுக்குக் காற்று என்பார்கள். முன்சக்கரங்களின் அழுத்தம் குறைகிறது; ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்ப மறுத்து வெளிச்சுவரை நோக்கி நழுவுகிறது; ஓட்டுநர் காலை எடுத்தே ஆகவேண்டும். ஒரு சுற்றுக்குக் கால் நொடி வேகமான கார்கூட, நெருங்கியதும் மெதுவான காராகிவிடுகிறது. தூய காற்றில் போகும் முதல் காருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆக, நேர்ப்பாதையில் பின்வருபவரை இழுத்துக்கொண்டு வரும் காற்று வளைவில் அவரைத் தள்ளிவிடுகிறது.

பாதுகாப்புக்காகச் செய்தே ஆகவேண்டிய சில மாற்றங்களும் இதற்கு ஒரு வகையில் துணைபோயின. 1987-ல் டல்லடேகா தளத்தில் பில் எலியட் தகுதிச் சுற்றில் மணிக்கு 212.809 மைல், அதாவது 342 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். அந்தப் பந்தயத்திலேயே பாபி ஆலிசனின் கார் டயர் வெடித்துப் பறந்து பார்வையாளர் வேலியைக் கிழித்தது. அடுத்த ஆண்டிலிருந்து டேடோனாவிலும் டல்லடேகாவிலும் எஞ்சினுக்குப் போகும் காற்றைத் துளையிட்ட தகடு ஒன்றால் நெரித்தார்கள். 2001 டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் உயிரிழந்த பிறகு கழுத்தைக் காக்கும் கருவியும் அதிர்வை உறிஞ்சும் சுவர்களும் வந்தன. 2007-ல் புதிய பாதுகாப்பான கார் வந்தது. இவற்றில் எதையும் குறை சொல்ல மனம் வராது. ஆனால் ஓட்டுநரின் உயிரைக் காப்பதற்கும் எல்லாக் கார்களையும் ஒரே அச்சில் வார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. 2019-ல் பெரிய தளங்களுக்கு எஞ்சின் திறனை 550 குதிரைத்திறனாக இறக்கி, பின்பலகையை எட்டு அங்குல உயரத்துக்கு ஏற்றினார்கள். கார்கள் நெருக்கமாக ஓடினால் போட்டி சூடுபிடிக்கும் என்பது கணக்கு. நெருக்கம் வந்தது, முந்துதல் வரவில்லை. அழுத்தம் அதிகம், திறன் குறைவு என்றால் வளைவிலும் காலை எடுக்கவேண்டியதில்லை. யாருமே காலை எடுக்காத இடத்தில் யார் திறமைசாலி என்று எப்படித் தெரியும்?

முந்துவதற்கு வேண்டியது நெருக்கம் அல்ல, வேக வித்தியாசம்.

2022-ல் வந்த புதிய தலைமுறைக் கார் இந்தப் பிரச்சினையைப் பொறியியல் வழியில் அணுகியது. அடிப்பாகத்தைத் தட்டையாக்கி, பின்னால் மேல்நோக்கி விரியும் கால்வாய்களை வைத்தார்கள். காருக்கு அடியில் பாயும் காற்று வேகமெடுத்து அழுத்தம் குறைய, கார் தரையோடு உறிஞ்சப்படுகிறது. அழுக்குக் காற்றால் இந்த அடிப்பாக அழுத்தம் குறைவாகவே பாதிக்கப்படும் என்பது எதிர்பார்ப்பு. ஒன்றரை மைல் தளங்களில் அது பலித்தது. 2024 மே மாதம் கன்சாஸில் கைல் லார்சன் கிறிஸ் பூஷரை வென்றது 0.001 நொடியில்.

ஆனால் காற்று அவ்வளவாகக் குறுக்கிடாத சிறிய தளங்களில் அதுவரை இருந்த விறுவிறுப்பு போய்விட்டது. அரை மைல் மார்ட்டின்ஸ்வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். (கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2010-ல் நாஸ்காரின் டிரக் தொடரில் அறிமுகமாகி 13-ஆம் இடம் பிடித்தது இங்கேதான்.) பழைய காரில் பிரேக் சிறியது, டயர் குறுகலானது. வளைவுக்கு வெகு முன்பே பிரேக் போடத் தொடங்கவேண்டும்; அந்த நீண்ட தூரத்தில்தான் ஒருவர் தவறுவார், இன்னொருவர் உள்ளே நுழைவார். புதிய காரின் அகன்ற டயரும் பெரிய பிரேக்கும் அந்தத் தூரத்தைச் சுருக்கிவிட்டன. வளைவில் பிசகி வேகம் இழந்தவர்கூட ஐந்து வேகப் பெட்டியில் கியரை இறக்கி உடனே மீண்டுவிடுகிறார். தவறுக்குத் தண்டனை இல்லாமல் போனது. 2022 அக்டோபரில் ராஸ் சாஸ்டெய்ன் அங்கே கடைசிச் சுற்றில் பிரேக்கையே மறந்து, காரை வெளிச்சுவரில் உரசவிட்டு ஐந்து கார்களைக் கடந்தார். வளைவில் திருப்பும் விசையை டயருக்குப் பதிலாகச் சுவர் தந்தது. இயற்பியலில் ஒரு குற்றமும் இல்லை. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள், நிர்வாகம் பிறகு அதைத் தடைசெய்தது. முந்த வேறு வழியே இல்லாத இடத்தில்தான் இப்படி ஒரு யோசனை பிறக்கும் என்பதையும் கவனிக்கவேண்டும்.

டேடோனாவிலும் டல்லடேகாவிலும் இப்போது நடப்பது இன்னும் விசித்திரம். மூன்று வரிசையாகக் கார்கள் பாதையை அடைத்துக்கொண்டு ஓடும்போது நான்காவதாக ஒரு வரிசை தனியே புறப்பட்டால் இழுவிசையில் சிக்கிப் பின்தங்கும். ஆகவே முந்தும் இடம் பாதையிலிருந்து பெட்ரோல் நிரப்பும் இடத்துக்கு மாறிவிட்டது. குறைவாக எரித்தவருக்குக் குறைந்த நொடிகளில் தொட்டி நிரம்பும், முன்னால் வெளியேறுவார். அதனால் பந்தயத்தின் நடுப்பகுதியில் நாற்பது கார்களும் ஆக்சிலரேட்டரைப் பாதி அழுத்திச் சிக்கனமாக ஓடுகின்றன. டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர் பார்ப்பது மைலேஜ் சோதனை.

இதற்கு மருந்து தற்செயலாக ஒருநாள் கிடைத்தது. 2024 மார்ச் மாதம் டென்னசி மாநிலம் பிரிஸ்டலில் டயர்கள் யாரும் எதிர்பாராத வேகத்தில் தேய்ந்தன. வழக்கமாக டயரிலிருந்து உரியும் ரப்பர் அங்குள்ள கான்கிரீட் பரப்பில் படிந்து அதை மெழுகும். அந்தப் படலம் அடுத்துவரும் டயரைக் காப்பாற்றும். அன்று குளிர்ந்த பரப்பில் ரப்பர் படியவில்லை. பொடியாக உதிர்ந்து சிதறியது. சுமார் 50 சுற்றுகளில் டயர் முடிந்துவிட்டது. வேகமாக ஓட்டினால் சீக்கிரம் தேயும், பொறுமையாக ஓட்டினால் நீடிக்கும். யார் எப்போது பாய்வது, எப்போது அடக்குவது என்பது ஓட்டுநரின் கைக்கு வந்தது. வேகங்கள் ஒன்றுக்கொன்று விலகின, முதலிடம் 54 முறை கைமாறியது. சிறிய தளங்களில் அது சாதனை. இதைப் பார்த்து மகிழ்ந்துபோய் அதே டயரை அதே தளத்துக்குச் செப்டம்பரில் கொண்டுவந்தார்கள். பரப்பு சூடாக இருந்தது, ரப்பர் ஒழுங்காகப் படிந்தது, லார்சன் 500 சுற்றுகளில் 462 சுற்றுகள் முன்னால் ஓடி வென்றார்.

பழைய தார்ப்பரப்புகளின் அருமையும் இதே காரணத்தால்தான். தார் தேய்ந்து ஜல்லிக்கற்கள் துருத்திக்கொண்டிருக்கும் டார்லிங்டன் போன்ற தளங்களில் ஒவ்வொரு சுற்றும் டயரைக் கொஞ்சம் சுரண்டி எடுக்கிறது. 1996-க்குப் பிறகு பாழடைந்து கிடந்த வட வில்க்ஸ்பரோவை 2023-ல் அதே பழைய பரப்போடு திறந்தபோது ரசிகர்கள் திரண்டதில் ஏக்கம் பாதி என்றால் இந்தச் சொரசொரப்பு மீதி. 2022-ல் லாஸ் ஏஞ்சலிஸ் விளையாட்டரங்குக்குள் கால் மைல் பாதை போட்டார்கள். 2023-ல் சிகாகோ தெருக்களில் ஓட்டினார்கள், நியூசிலாந்தின் ஷேன் வான் கிஸ்பெர்கன் அறிமுகப் பந்தயத்திலேயே வென்றார். புதியவர்களை ஒருமுறை அழைத்துவர இவை நல்ல உத்திகள். மறுமுறை வரவைப்பது பாதையில் நடக்கும் போட்டிதான்.

சரியான திசையில் ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள்: ஒன்றரை மைலுக்குக் குறைந்த தளங்களில் 2026 முதல் எஞ்சின் திறன் 670-லிருந்து 750 குதிரைத்திறனாகிறது. திறன் கூடினால் நேர்ப்பாதை முடிவில் வேகம் கூடும், பிரேக் தூரம் நீளும், வளைவிலிருந்து வெளியேறும்போது அவசரப்பட்டு அழுத்துபவரின் பின்டயர் சுழன்று தேயும். ஒன்றரை மைல் தளங்களுக்கும் இதை நீட்டி, கூடவே பின்பலகையின் உயரத்தையும் குறைத்தால் நல்லது.

டயர் விஷயத்தில்தான் தயக்கம் அதிகம், அதற்கு நியாயமும் உண்டு. 2008-ல் இண்டியானாபொலிஸில் சொரசொரப்பான பரப்பு ரப்பரைப் பொடியாக்கித் தள்ளியது. டயர்கள் வெடித்துவிடும் என்ற அச்சத்தில் 10, 12 சுற்றுகளுக்கு ஒருமுறை மஞ்சள் கொடி காட்டி வண்டிகளை டயர் மாற்ற உள்ளே அழைத்தார்கள். பந்தயம் கேலிக்கூத்தானது, நாஸ்காருக்கு டயர் தரும் ஒரே நிறுவனமான குட்இயரின் பெயர் கெட்டது. அங்கே ஒரு செட் டயர் தாங்கிய தூரமும் பிரிஸ்டலில் தாங்கிய தூரமும் ஏறத்தாழ ஒன்றுதான், சுமார் 40 கிலோமீட்டர். ஆனால் பிரிஸ்டலில் காலைக் கொஞ்சம் எடுத்தால் டயர் பிழைத்தது. இண்டியானாபொலிஸில் அந்தத் தெரிவே ஓட்டுநருக்குத் தரப்படவில்லை. வெடிக்காமல் தேயும் டயர், தேய்வதை ஓட்டுநர் உணரும்படியான டயர், மார்ச் குளிருக்கு ஒன்றும் செப்டம்பர் வெயிலுக்கு ஒன்றுமாகக் கலவை மாற்றிய டயர்: குட்இயரிடம் கேட்கவேண்டியது இவைதான். ஒரு பந்தயத்துக்கு ஒரு குழுவுக்குத் தரும் டயர்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக் குறைத்தால், தேய்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தமாட்டார்கள்.