ஒரு கன மீட்டரில் எத்தனை தண்ணீர் கேன்?

ஒன்பதாம் வகுப்பில் அளவியல் பாடம் தொடங்கும் நாளில் கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வியை எழுதிப் போடுவேன்: 1 கன மீட்டருக்கு எத்தனை கன சென்டிமீட்டர்? பத்தொன்பது வருடமாக இதே கேள்விதான். பெரும்பாலான நோட்டுகளில் வரும் விடையும் மாறவில்லை: 100.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர் என்பது சின்ன வகுப்பிலேயே மண்டையில் ஏறிவிட்டது. முன்னால் 'கன' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டால் அது பாட்டுக்கு ஒட்டிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். நாலைந்து பேர் 1,000 என்று எழுதுவார்கள், அது லிட்டர் கணக்கின் ஞாபகம். 10 லட்சம் என்று சரியாக எழுதுகிறவர்களிடம் "ஏன்?" என்று கேட்டால், "ட்யூஷன்ல அப்படித்தான் மிஸ் சொன்னாங்க" என்று பதில் வரும்.

நாம் எழுதும் முறையிலும் ஒரு கோளாறு இருக்கிறது. புத்தகத்தில் செ.மீ³ என்று அச்சிடுகிறோம். அந்தக் குட்டி 3 எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். 'மீ'யின் தலைமேல். 'செ' ஒரு புள்ளிக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்கிறது. மூன்று முறை பெருக்கப்படுவது மீட்டர் மட்டும்தான், செ ஒரே ஒரு தடவைதான் என்று ஒரு பிள்ளை படித்தால் அது எழுத்தைச் சரியாகப் பார்க்கிறது என்றுதான் சொல்வேன். அதனால் முதல் ஒரு வாரம் (செ.மீ.)³ என்று அடைப்புக்குறி போட்டுத்தான் எழுதுகிறேன். 'செ' குறிக்கும் நூறில் ஒரு பங்கு என்பதும் மூன்று தடவை வருகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஆனால் கரும்பலகையில் என்ன எழுதினாலும், ஒரு கன மீட்டரைக் கண்ணால் பார்க்காத வரைக்கும் அது வெறும் எழுத்துதான். எங்கள் பள்ளியில் வயரிங் வேலை முடிந்து மிச்சமாகக் கிடந்த பிவிசி பைப்பை மீட்டர் மீட்டராக அறுத்துப் பன்னிரண்டு துண்டு எடுத்தோம். மூலைகளைப் பழைய சைக்கிள் டியூபைக் கீறி இழுத்துக் கட்டினோம். செலவு என்று ஒன்றும் இல்லை. கட்டி முடித்து வகுப்பின் நடுவில் வைத்தபோது முதலில் வந்த குரல், "இவ்ளோ பெருசா?" என்பதுதான். நான்கு பேர் உள்ளே புகுந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். அப்புறமும் இடம் இருந்தது.

அடுத்து 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இந்தச் சட்டம் முழுக்கத் தண்ணீர் ஊற்றினால் எத்தனை கேன் பிடிக்கும் என்று கேட்டேன். ஐந்து, எட்டு, பத்து என்று போனது. ஒருத்தன் தைரியமாக இருபது என்றான். விடை 50. ஒரு கன மீட்டர் என்றால் 1,000 லிட்டர், நம் வீட்டு மாடியில் நிற்கும் நடுத்தரமான கறுப்புத் தொட்டியின் கொள்ளளவு. கேனாகவே அடுக்கினால் ஐம்பது உள்ளே போகாது, உருளைகளுக்கு நடுவே இடம் வீணாகும். இதை நான் சொல்வதற்கு முன்பே ஒரு பெண் சொல்லிவிட்டாள்.

கன சென்டிமீட்டருக்கு அதே சட்டத்தின் அடிக்கம்பை எடுத்துக்கொள்வோம். ஒரு செ.மீ. பக்கமுள்ள கட்டைகளை அந்தக் கம்பின் ஓரமாக வரிசையாக வைத்தால் நூறு. தரை முழுக்கப் பரப்ப அப்படி நூறு வரிசை, ஆக 10,000. இது ஒரு செ.மீ. உயரமுள்ள ஒரு பாய். மேலே வரை போக நூறு பாய் வேண்டும். பிள்ளைகளே 10,00,000 என்று சொல்லும் இடம் இதுதான். வினாடிக்கு ஒரு கட்டை வீதம் தூங்காமல் அடுக்கினாலும் பதினொன்றரை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டியபோது கடைசி பெஞ்சில் ஒருவன் பெருமூச்சு விட்டான்.

அடி, அங்குலத்துக்கு வரும்போது எனக்குப் பிடித்த சம்பவம் ஒன்று. ஒரு மாணவி ஒரு கன அடிக்கு 12 கன அங்குலம் என்று எழுதியிருந்தாள். அப்பா கொத்தனார். தப்பு என்று சிவப்பு மையால் அடிக்காமல், "செங்கல் அளவு தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"ஒம்போது, நாலரை, மூணு மிஸ்." யோசிக்கவே இல்லை.

"அப்ப ஒரு கல்லோட கன அளவு?"

பெருக்கினாள். 121.5 கன அங்குலம். பேனா நின்றது. கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், ஒரு கல்லே பத்து கன அடி வருது."

"வந்தா என்ன?"

"அப்படி இருந்தா எங்கப்பா பத்துக் கல்லுல ஒரு ரூமே கட்டிடுவாரு மிஸ்."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு அவளே 12 × 12 × 12 போட்டு 1,728 எடுத்தாள். அதை 121.5-ஆல் வகுத்தால் பதினான்குக்குச் சற்று மேல். கலவை இல்லாமல் வெறும் கல்லாக அடுக்கினால் ஒரு கன அடிக்குப் பதினான்கு கல். வீட்டில் போய்க் கேட்டிருக்கிறாள், மறுநாள் வந்து "அப்பா சரின்னுட்டாரு" என்றாள். என்னுடைய டிக்கைவிட அவளுக்கு அது பெரிதாக இருந்தது. நியாயம்தான்.

1,728-ஐப் பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. அதோடு ஒன்றைக் கூட்டினால் 1,729. மருத்துவமனையில் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்க வந்த ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி, தான் வந்த டாக்சியின் எண் சுவாரசியமில்லாத எண் என்று சொல்ல, இல்லை, இரண்டு விதமாக இரண்டு கன எண்களின் கூட்டலாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றாராம் ராமானுஜன். 12³ + 1³ ஒரு விதம், 10³ + 9³ இன்னொரு விதம். அதாவது ஒரு கன அடிப் பெட்டியையும் ஒரு கன அங்குலக் கட்டையையும் உருக்கினால், பத்து அங்குலப் பெட்டி ஒன்றும் ஒன்பது அங்குலப் பெட்டி ஒன்றும் மிச்சமில்லாமல் செய்யலாம். தேர்வுக்கு வராது. இருந்தாலும் சொல்வேன்.

பையன்களுக்கு வேறு வாசல் இருக்கிறது. எந்த பைக் எத்தனை 'சிசி' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த சிசி கன சென்டிமீட்டர்தான், ஒரு கன செ.மீ. ஒரு மில்லி லிட்டர்தான் என்று சொன்னால் நம்புவதில்லை. 150 சிசி என்றால் இன்ஜினில் பிஸ்டன் ஒரு தரம் மேலிருந்து கீழே வரும்போது விடும் இடம் 150 மில்லி. "ஒரு டம்ளர் டீதானா மிஸ்?" என்று ஏமாற்றத்தோடு கேட்டான் ஒருத்தன். ஆமாம், அவ்வளவுதான். ஊசி போடும்போது நர்ஸ் சொல்லும் சிசியும் அதுவேதான்.

இனி பெற்றோருக்கும் ட்யூஷன் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிலோ, ஹெக்டோ, டெகா என்று ஏணிப்படி வரைந்து, படிக்கு ஒரு சைபர் போடச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். நீளத்துக்கு அது நன்றாக வேலை செய்யும். கன அலகுக்கு வந்தால் படிக்கு மூன்று சைபர் என்று இன்னொரு விதியைத் திணிக்க வேண்டியிருக்கிறது, பரப்பளவுக்கு இரண்டு. எது எதற்கு என்பது தேர்வு அறையில் குழம்பிப்போகும். நான் ஏணியை விட்டுவிட்டேன். "முதல்ல மாத்து, அப்புறம் பெருக்கு", இது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஒரு தொட்டி 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 50 செ.மீ. ஆழம். இந்த மாதிரிக் கணக்கில்தான் வண்டி கவிழ்கிறது. அப்படியே பெருக்கி 150 என்று போட்டுவிட்டு, பக்கத்தில் கன மீட்டர் என்று எழுதலாமா, கன சென்டிமீட்டர் என்று எழுதலாமா என்று நண்பனின் நோட்டை எட்டிப் பார்ப்பார்கள். எது எழுதினாலும் தப்பு. 150 கன மீட்டர் என்றால் 1,50,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி பன்னிரண்டரை வர வேண்டும், இடுப்புயரம்கூட இல்லாத தொட்டிக்கு. 150 கன செ.மீ. என்றால் அதே டீ டம்ளர். 50 செ.மீ.-ஐ முதலிலேயே 0.5 மீட்டர் ஆக்கிவிட்டால் 1.5 கன மீட்டர், 1,500 லிட்டர், கதை முடிந்தது. விடையை லாரியாகவோ கேனாகவோ டம்ளராகவோ ஒரு தரம் மனதில் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அபத்தமான விடைகள் பாதி அங்கேயே பிடிபடும்.

பெரியவர்களுக்கே இது பழகவில்லை என்பதற்கு நானே சாட்சி. வீட்டு வேலைக்கு எம்-சாண்ட் இறக்கியபோது மூன்று யூனிட் என்று பணம் கொடுத்தேன். யூனிட் என்றால் 100 கன அடி. லாரி போன பிறகுதான், லாரித் தொட்டியின் உள்ளளவை டிரைவரே வாய்விட்டுச் சொன்னது ஞாபகம் வந்தது: 12 அடி, 7 அடி, மணல் நின்ற உயரம் 3 அடி. பெருக்கினால் 252. அரை யூனிட் காணோம். கணக்கு டீச்சர் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளாக இருந்தால் செய்தித்தாளை எடுங்கள். மேட்டூர் அணைச் செய்தியில் மூன்று எண் வரும்: நீர்மட்டம் அடியில், வரத்தும் திறப்பும் விநாடிக்கு இத்தனை கன அடி என்று, இருப்பு டிஎம்சியில். டிஎம்சி என்றால் ஆயிரம் மில்லியன் கன அடி, நம் கணக்கில் 100 கோடி கன அடி. இதைப் படமாக நினைப்பது சுலபம். ஆயிரம் அடி நீளம், ஆயிரம் அடி அகலம், ஆயிரம் அடி உயரத்தில் ஒரு பெட்டி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை நாலரைத் தரம் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் வரும் உயரம் அது. விநாடிக்கு 12,000 கன அடி திறக்கிறார்கள் என்றால், ஒரு நாளைக்கு 86,400 விநாடி, பெருக்கிப் பாருங்கள்: 103.68 கோடி. ஒரு நாளில் ஒரு டிஎம்சிக்குச் சற்று மேல் போய்விடுகிறது.

அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. மட்டம் 100 அடி இருக்கும்போது இருப்பு எவ்வளவு என்று கேட்டால் ஆறில் ஐந்து பங்கு போட்டு 78 என்பார்கள். உண்மையில் 65 டிஎம்சியை ஒட்டித்தான் இருக்கும். அணை கனச்செவ்வகம் இல்லை, மேலே போகப் போக அகலும் கிண்ணம். நீளம் × அகலம் × உயரம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பாடம் முடிந்ததும், வீட்டில் இருக்கும் ஒரு தொட்டியை அளந்து எத்தனை லிட்டர் என்று எழுதி வரச் சொன்னேன். கொத்தனார் மகள் தன் வீட்டுச் சம்ப்பை எழுதி வந்திருந்தாள். நீளம் 5 அடி, அகலம் 4 அடி, ஆழம் 5 அடி, 100 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 2,830 லிட்டர். டிக் போடக் கை போனது. கீழே பென்சிலில் இன்னும் ரெண்டு வரி இருந்தது. 'ஓவர்ஃப்ளோ பைப் அரை அடி கீழே இருக்குன்னு அப்பா சொன்னார். அதனால் ஆழம் 4½ அடி. 90 × 28.3 = 2,547 லிட்டர்.'

முந்தைய விடையை அவளே அடித்திருந்தாள்.