வியாழக்கிழமை மட்டும் வராத பிள்ளை

எங்கள் ஊரில் வியாழக்கிழமை சந்தை. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஜூலை மாதம் ஒரு வியாழன்கூட வரவில்லை. வகுப்பாசிரியர் கவனித்துவிட்டார், ஆனால் சொன்னது என்னவோ வழக்கமான வசனம்தான்: "இன்னொரு நாள் லீவு போட்டா பேரை எடுத்துடுவேன்."

நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியையாக நான் அதிகம் கேட்ட மிரட்டல் இது. நானும் சின்ன வயதில் மிரட்டியிருக்கிறேன். சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. அடிப்பதும் கூடாது, மனம் நோக வைப்பதும் கூடாது.

லண்டனில் இருக்கும் என் நாத்தனார், தம்பி கல்யாணத்துக்குப் பள்ளி நாளில் பிள்ளைகளைக் கூட்டிவர யோசித்தார். இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் அப்படிச் செய்தால் பெற்றோருக்கு அபராதம் வரலாம். ஒரு பிள்ளைக்கு, பெற்றோர் ஒருவருக்கு 80 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. "அங்கே இப்படி உண்டா?" என்று கேட்டார். நம் கல்வி உரிமைச் சட்டத்தில் பெற்றோருக்கு அபராதம் கிடையாது. பிள்ளையைச் சேர்ப்பது அவர்கள் கடமை, அவ்வளவுதான். 'கட்டாயக் கல்வி' என்பதில் உள்ள கட்டாயம் அரசின் மேல் விழுகிறது: சேர்க்கை, வருகை, படிப்பை முடிப்பது மூன்றுக்கும் அரசும் உள்ளாட்சியும்தான் பொறுப்பு. பிள்ளை ஒழுங்காக வருகிறதா என்று பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவது ஆசிரியரின் கடமை என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது.

சரி, நம் வியாழக்கிழமைப் பிள்ளைக்கு வருவோம். தொடர்ந்து பத்து நாள் வராத பிள்ளை எல்லார் கண்ணிலும் படும். வாரம் ஒரு நாள் விடுகிற பிள்ளையின் வருகை 80 சதவீதத்திலேயே நிற்கும், யாரும் கேட்க மாட்டார்கள். செயலியில் பதிந்தாலும் நான் பதிவேட்டுத் தாளை விரித்து ஒருமுறை பார்ப்பது இதற்காகத்தான். எந்தக் கிழமை என்று தெரிந்தால் பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அம்மா சந்தையில் கருவாடு விற்கிறவர். "சந்தை நாள்ல பொடியன யாருகிட்ட விடுறது டீச்சர்?" என்றார். பொடியனுக்கு மூன்று வயது. இரண்டு தெரு தள்ளி அங்கன்வாடி இருக்கிறது, சேர்க்கவே இல்லை. அடுத்த வாரம் சேர்த்தார்கள். அக்கா வந்து கூப்பிடும்வரை பையனை வைத்துக்கொள்ள அங்கன்வாடி அம்மா ஒத்துக்கொண்டார். ஆகஸ்டில் ஒரு வியாழன்தான் விட்டாள், அதுவும் காய்ச்சலில்.

சிபிஎஸ்இ பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத அங்கே 75 சதவீத வருகை வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் அப்போதே மருத்துவச் சான்றோடு எழுதிக் கொடுங்கள், ஜனவரியில் டாக்டரைத் தேடாதீர்கள்.

எனக்கு உண்மையான கவலை எட்டாம் வகுப்புக்கு அப்புறம்தான். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரைதான் கைகொடுக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முடிந்தால் 18 வரை ஆபத்தான வேலைகளுக்கு மட்டுமே தடை. இந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் நழுவுகிறார்கள். அதனால் ஒவ்வொரு ஜூனிலும் எட்டு முடித்தவர்களின் பட்டியலோடு பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்குப் போன் போடுவேன். போன வருடம் 21 பேரில் 20 பேர் சேர்ந்திருந்தார்கள். மிச்சம் ஒருவன் சித்தப்பாவோடு திருப்பூர் போய்விட்டான். இரண்டு முறை போனில் பேசினேன், "தீபாவளிக்கு வரேன் டீச்சர்" என்றான். அவன் டிசி இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது.